முதல் நாளே தெரியவேண்டிய சேதி

இரண்டு வாரமாக விடாத இருமலோடு செஞ்சி வட்டாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வரும் விவசாயக் கூலிக்கு அன்றைய கூலி போய்விடுகிறது. ‘நாளை வா, மறுபடி வா’ என்றால் அவர் வராமலே போய்விடக்கூடும். அதனால்தான் காசநோய்க்கு மரபணுப் பரிசோதனை கடைசியாக அல்ல, முதலாவதாகச் செய்யப்பட வேண்டும் என்கிறேன். நுண்ணோக்கியில் கிருமி கண்ணில் பட, ஒரு மில்லி சளியில் பொதுவாக 5,000 முதல் 10,000 கிருமிகளாவது வேண்டும். நோயின் தொடக்கத்தில் அத்தனை இருப்பதில்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கலாம்தான். அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

மரபணுப் பரிசோதனை, காசநோய்க் கிருமிக்கே உரிய மரபணுத் துண்டைத் தேடிப் பிடித்துப் பெருக்குகிறது. 1983-இல் கேரி முல்லிஸ் கண்ட பி.சி.ஆர். முறை இது. ஒவ்வொரு சுற்றிலும் துண்டு இரட்டிப்பாகும். கணக்குப்படி 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். இந்தியாவில் உருவான ட்ரூநாட் கருவியில், சளியைக் கரைத்து மரபணுவைப் பிரித்தெடுத்து, அதில் வெறும் 6 மைக்ரோலிட்டரைச் சிறு சிப்பில் விடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விடை. கிருமி இருந்தால், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அது மசியுமா என்பதை இன்னொரு சிப் சொல்லிவிடும். நுண்ணோக்கியால் சொல்லவே முடியாத சேதி இது. கருவி பேட்டரியிலும் ஓடும் என்பதால் மின்தடையும் சாக்கில்லை.

செலவு அதிகம் என்பார்கள். சிப்பின் விலை நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் தகட்டைவிடக் கூடுதல்தான். ஆனால் தப்பவிட்ட நோயாளி வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் தொற்றைப் பரப்பும் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது? இன்னொரு ஆட்சேபம் கனமானது: செத்த கிருமியின் மரபணுவையும் இந்தக் கருவி காட்டும். உண்மை. முன்பே சிகிச்சை முடித்தவருக்கும் ‘இருக்கிறது’ என்று வரலாம். ஆகவே மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க நுண்ணோக்கியும் வளர்ப்புச் சோதனையும்தான் ஏற்றவை. அந்த வேலை நுண்ணோக்கிக்கே இருக்கட்டும். நோயைக் கண்டுபிடிக்கும் வேலையை மட்டும் அதன் தலையில் கட்ட வேண்டாம். ‘இல்லை’ என்று வந்தாலும் அறிகுறி நீடித்தால் எக்ஸ்ரேயும் மருத்துவரின் கண்ணும் தேவை.

1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டிலிருந்தபடியே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்கே காட்டியது. மருந்து அன்றே நோயாளியின் வாசலுக்குப் போய்விட்டது. சோதனையும் ஆரம்ப சுகாதார நிலையம்வரை வந்தால், அந்தக் கூலித் தொழிலாளி மாலை பஸ்ஸிலேயே மாத்திரையோடு ஊர் திரும்பலாம்.