இருமல் நின்ற பிறகும் மாத்திரை

காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவரின் வீட்டில் சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் உடம்பு தேறிய பிறகுதான். முதல் சில வாரங்களிலேயே காய்ச்சல் விட்டுவிடும். ராத்திரியில் பனியனை நனைக்கும் வியர்வை நிற்கும். இருமல் அடங்கும், சோறு இறங்கும், எடை ஏறும். கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எத்தனை நாள் உட்கார முடியும்? வேலைக்குத் திரும்புகிறார். விடிவதற்கு முன்பே லாரி வந்து நிற்கும். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது, மூட்டையைத் தலைக்கு ஏற்ற முடியவில்லை. ஒருநாள் விடுகிறார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு இரண்டு நாள் விடுகிறார். மனைவி கேட்டால், "அதான் நல்லாயிட்டேனே" என்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு நன்றாக இருக்கிறது. அதனால்தான் அவரிடம் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

நுரையீரலுக்குள் நடப்பது

காசநோய்க் கிருமிகள் எல்லாம் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒரு கூட்டம் விறுவிறுவெனப் பெருகும். இன்னொரு கூட்டம் பெருகாமல் கிட்டத்தட்ட உறங்கிக் கிடக்கும். ஐசோநயசிட் என்ற மருந்து பெருகும் கூட்டத்தை முதல் சில நாட்களிலேயே பெருமளவு கொன்றுவிடுகிறது. கிருமியின் சுமை இறங்கியதும் இருமலும் காய்ச்சலும் குறைகின்றன. உறங்கும் கூட்டம் அப்படிச் சாவதில்லை. ரிஃபாம்பிசினும் பைராசினமைடும் அவற்றை மெதுவாகத்தான் ஒழிக்கும். அதற்குத்தான் மாதக்கணக்கு. வழக்கமான காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் எத்தாம்பியூட்டாலையும் சேர்த்து நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் பைராசினமைடு இல்லாமல் மூன்று மருந்துகள். ஆறு மாதம் நீளமாகத் தோன்றலாம். ரிஃபாம்பிசினும் பைராசினமைடும் சேர்வதற்கு முன்னால் சிகிச்சை ஒன்றரை வருடம் வரை போனது.

நான்கு மருந்துகள் எதற்கு என்று நோயாளிகள் கேட்பதுண்டு. கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ சில, ஒரு குறிப்பிட்ட மருந்துக்கு அடங்காதவையாக இயல்பாகவே இருக்கும். அவற்றை மற்ற மருந்துகள் பார்த்துக்கொள்ளும். மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிடும்போது அந்தக் காவல் தளர்கிறது. அடங்காத கிருமிகள் தப்பித்துப் பெருகுகின்றன. ஐசோநயசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே கட்டுப்படாத நிலை வந்துவிட்டால் அது வேறு நோய் மாதிரிதான். ஒரு காலத்தில் அதற்கு இரண்டு வருடம் வரை சிகிச்சை, தினமும் ஊசி, அந்த ஊசியால் சிலருக்குக் காதே கேட்காமல் போனது. இப்போது பெடாகுவிலின் போன்ற மருந்துகள் வந்து, ஊசி இல்லாத சிகிச்சை கிடைக்கிறது. ஆனாலும் அது சுலபமான பாதை இல்லை. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்த நிலைக்குப் போனவர் இருமும்போது பரவுவதும் அந்த அடங்காத கிருமியேதான். இதுவரை காசநோய் மருந்தே சாப்பிடாத அவர் குழந்தைக்குக்கூட முதல் தொற்றே அப்படிப்பட்டதாக வரலாம்.

சேத்துப்பட்டில் கண்டது

இந்த விஷயத்தில் உலகத்துக்குப் பாடம் சொன்ன ஊர் சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கான ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றாலே தாம்பரம் சானடோரியம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், நல்ல சாப்பாடு, ஓய்வு, சுத்தமான காற்று வேண்டும் என்றுதான் நம்பினார்கள். சேத்துப்பட்டு மருத்துவர்கள் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மறு பகுதியினரை அவர்களுடைய நெரிசலான வீடுகளில் வைத்தும் ஒரு வருடம் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். முடிவு 1959இல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டு, ஓய்வும் இல்லாமல் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. ஏழை நாடுகளில் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே இது மாற்றியது.

இந்த ஆய்வின் இன்னொரு பக்கம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய், மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். இவ்வளவு கவனிப்பு இருந்தும் பலர் மாத்திரையை விட்டிருந்தது தெரிந்தது. அங்கே பணிபுரிந்த வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1958இலேயே இதைப் பற்றி எழுதினார். மருந்தைத் தானாகச் சாப்பிட விட்டால் யார் விடுவார், யார் விடமாட்டார் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். படித்தவர், பொறுப்பானவர் என்பதெல்லாம் அங்கே துணைக்கு வராது. ஒருவர் கண்முன்னால் மருந்தைச் சாப்பிடவைக்கும் முறை அங்கேதான் வடிவம் பெற்று, பிறகு உலகெங்கும் போனது. மாத்திரையை விடுபவரைச் சோம்பேறி, அக்கறையில்லாதவர் என்று திட்டுவது தவறு என்று நான் உறுதியாக நினைப்பதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

ஏன் விடுகிறார்கள்

முதல் மாத்திரை போட்ட அன்றே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ரத்தமோ என்று பயந்து அத்தோடு நிறுத்தியவர்கள் உண்டு. அது ரிஃபாம்பிசினின் நிறம், ஆபத்தில்லை. மாத்திரையைக் கொடுக்கும்போதே இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் எவ்வளவோ பயம் தவிரும். கைகால் மதமதப்பு ஐசோநயசிட்டால் வருவது, அதற்கு வைட்டமின் பி6 மாத்திரை கொடுப்பார்கள். குமட்டல் இருந்தால் நேரத்தை மாற்றலாமா, லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். கோயம்பேட்டுக்காரருக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு பேச்சுதான்.

சில அறிகுறிகளில் மட்டும் காத்திருக்கக் கூடாது. கண் மஞ்சளாவது, விடாத வாந்தி, பார்வை மங்குவது, நிறம் பிரித்தறிய முடியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குடிப்பழக்கம் இருப்பவர்கள் குடித்த நாளில் மாத்திரையைத் தொடுவதில்லை. இரண்டும் சேர்ந்தால் ஈரல் கெடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் வாரத்தில் நான்கு நாள் குடித்தால் வாரத்தில் நான்கு நாள் மருந்தே இல்லை. குடியை மறைக்காமல் சொல்லிவிட்டால் மருத்துவர் ஈரல் பரிசோதனை பார்த்து, என்ன செய்யலாம் என்று வழி சொல்வார்.

பெண்கள் விஷயம் வேறு. மாமியார் வீட்டில் தெரியக்கூடாது என்று மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் வைத்துச் சாப்பிடும் மருமகள், ஊர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் போனால் மருந்தை எடுத்துப்போக மாட்டாள். இந்த வெட்கத்தைப் போக்குவது அவள் வேலை இல்லை, வீட்டில் மற்றவர்களின் வேலை.

சொன்னபடி என்றால்

மாத்திரையின் எண்ணிக்கை உடல் எடையைப் பொறுத்தது. ஒரே அட்டையில் இருந்து ஒருவருக்கு மூன்று, இன்னொருவருக்கு நான்கு. பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை போட்டார் என்று பார்த்துக் குறைத்துக்கொள்ளக் கூடாது. நேற்று விட்டதை ஈடுகட்ட இன்று இரண்டு மடங்கு போடுவதும் கூடாது. சர்க்கரை மாத்திரை, கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து ஆகியவற்றின் வேலையை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும். ஆகவே வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்லிவிடுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் இதே கதைதான், வலி மட்டும் கிடையாது. பிரஷர் மாத்திரை சாப்பிட்டு அளவு சரியானதும், "இப்ப நார்மல்" என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை போடுவதால்தான் அது நார்மல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருவதால், வாங்கப் போகும் அலைச்சலாவது குறைந்திருக்கிறது.

நடுவில் விட்டவர்கள்

இரண்டு வாரமோ இரண்டு மாதமோ மருந்தை விட்டிருந்தால், மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களாக மறுபடி தொடங்காதீர்கள். அட்டையையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ காசநோய்ப் பிரிவுக்கோ போங்கள். சளியை மூலக்கூறு கருவியில் வைத்துச் சோதித்தால், கிருமி இருக்கிறதா, அது ரிஃபாம்பிசினுக்கு அடங்குகிறதா என்பது இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதன்பிறகுதான் எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்வார்கள். பரிசோதனையும் மருந்தும் அரசு மையங்களில் இலவசம். சத்துணவுக்காக நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1800 11 6666 என்ற கட்டணமில்லாத எண்ணில் கேட்கலாம்.

அங்கே உட்கார்ந்திருக்கும் பணியாளரிடம் ஒரு வேண்டுகோள். வந்தவரிடம் "ஏன் விட்டீங்க?" என்று முதலில் கேட்காதீர்கள். "எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். குமட்டலா, வேலை நேரமா, குடியா, மாமியாரா என்பது அப்போதுதான் வெளியே வரும்.