தாத்தா ஓட்டிய டில்லி!

எங்கள் ராயகிரியில் தாத்தாவுக்குப் பட்டப்பெயர் 'டில்லி'. இரண்டாம் உலக யுத்தத்தில் பட்டாள டிரைவர்.

"ஏலே, நான் டில்லியவே ஓட்டுனவம்லா!" என்பார்.

டீக்கடையே சிரிக்கும். "டில்லிய பிரதமர்லா ஓட்டுதாரு! நீரு எப்பம்வே ஓட்டினீரு?"

பொய்யர் என்ற பெயரோடுதான் போய்ச் சேர்ந்தார், பாவம்.

ரிடையரானதும் பேரனுக்கு அட்டையில் கார் செய்து கொடுக்க உட்கார்ந்தேன். மாடலுக்குத் தாத்தாவின் பழைய போட்டோவை எடுத்தேன். அவர் சாய்ந்து நிற்கும் வண்டி ஜீப் இல்லை, லாரியும் இல்லை. முன்பாதி கார், பின்பாதி கித்தான் போட்ட கூண்டு. என்ன வண்டி இது?

லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் படங்களை இன்டர்நெட்டில் துழாவினேன். அகப்பட்டது! 'லைட் யுடிலிட்டி' கார். பட்டாளத்தார் 'யுடிலிட்டி'யைச் செல்லமாகச் சுருக்கி வைத்த பெயர்... டில்லி!

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆஸ்டின், மாரிஸ், ஹில்மன், ஸ்டாண்டர்டு என நாலு கம்பெனிகள், தங்கள் வீட்டுக் கார்களையே இப்படி மாற்றிக் கொடுத்தனவாம். இதில் மாரிஸ் 10 நமக்கும் சொந்தம். யுத்தத்துக்குப் பிறகு 'ஹிந்துஸ்தான் 10' என்று இங்கே ஓடியது அதுதான்.

தாத்தாவுடையது எந்தக் கம்பெனி? முன் கிரில்லைப் பார்த்தால் சொல்லிவிடலாம். மனுஷர் அதை மறைத்துக்கொண்டல்லவா நிற்கிறார்!

48-ல் ஒரு பங்கு அளவில் செய்து முடித்தேன். கிரில்லுக்கு முன்னால் ஒரு தாத்தா பொம்மையை நிறுத்திவிட்டேன். பிரச்னை தீர்ந்தது.

டீக்கடைக்கு எடுத்துப் போனேன். அன்று சிரித்தவர்களில் ஒருத்தர்கூட இப்போது இல்லை.