டேனரிக்குள் ஒரு மத்தி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் குரோமியம் ஏற்றிய தோலை அப்படியே காயவிட்டால் விறைத்துவிடும். ஈரம் போகப் போக அதன் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதனால் தோலை டிரம்மில் போட்டு, தண்ணீரில் கலக்கும்படி பக்குவப்படுத்திய எண்ணெயோடு சுழற்றுகிறார்கள். அந்த எண்ணெய் இழைகளுக்கு நடுவே புகுந்த பிறகுதான் ஷூவுக்கு வேண்டிய மென்மை வரும். தோல் தொழிலில் இதற்குப் பேர்போன எண்ணெய்களில் ஒன்று மீன் எண்ணெய். கடற்கரையே இல்லாத வேலூர்ப் பக்கத்துக்கும் கடலுக்கும் இப்படியொரு உறவு.

1907-இல் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு அடித்தளமிட்ட பிரெடரிக் நிக்கல்சன், மலபார்க் கரையில் மத்தி குவியல் குவியலாக வீணாவதைக் கண்டு, மீன் கெடுவதற்கு முன்பே வேகவைத்து எண்ணெய் பிழியும் முறையைப் பரப்பினார். பிழிந்த எண்ணெய் தோல் பதனிடவும் போயிற்று.

இத்தனை சிறிய மீனுக்குள் இவ்வளவு எண்ணெய் எப்படி வந்தது? தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது மேற்குக் கரையோரத்தில் மேல்மட்டத் தண்ணீர் விலகுகிறது. அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வருகிறது. வெயிலும் சத்தும் ஒருசேரக் கிடைத்ததும் டயாட்டம் என்னும் நுண்பாசிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. மத்தி வாயைத் திறந்தபடி நீந்தி, செவுள்களில் உள்ள சல்லடையால் அவற்றை வடித்துத் தின்கிறது. ஒமேகா-3 கொழுப்பைத் தயாரிப்பது அந்தப் பாசிதான். மத்தி அதைச் சேர்த்து வைக்கிறது. இந்தக் கொழுப்பின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம். அதனால் குளிரிலும் உறையாது, ஆக்சிஜனோடு எளிதில் சேரும். கண்ணாடி துடைக்கும் மென்மையான சாமோய் தோலைப் பதப்படுத்துவதே, மீன் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து இழைகளைப் பற்றிக்கொள்ளும் இந்தக் குணத்தால்தான். நம் மூளையிலும் விழித்திரையிலும் நிறைந்திருப்பது இதே குடும்பத்துக் கொழுப்புத்தான்!

கடலிலிருந்து இன்னும் அதிக உணவு எடுக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை, மத்தி பாசியைத் தின்னும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒன்றை ஒன்று தின்னும் வரிசையில், ஒவ்வொரு படியிலும் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே அடுத்த படிக்குப் போய்ச் சேருகிறது. மத்தி பாசிக்கு அடுத்த படி. வஞ்சிரம் மத்தியையும் நெத்திலியையும் தின்று வளர்வது. ஒரு கிலோ வஞ்சிரத்துக்குப் பின்னால் ஏறத்தாழ பத்துக் கிலோ சிறுமீன் இருக்கிறது. படகுகளைக் கூட்டாமலே, கீழ்ப்படியில் கை வைத்தால் அதே கடல் பல மடங்கு பேருக்குச் சோறு போடும். கடற்பாசி இன்னும் கீழே; மட்டி மத்தியின் படியிலேயே. அவற்றுக்குத் தீவனமே போட வேண்டியதில்லை. பாக் விரிகுடாவில் கடற்பாசி வளர்க்கும் பெண்கள் செய்வது எதிர்காலத்தின் வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நடப்பதோ வேறு. உலகில் பிடிபடும் கடல் மீனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, மீன்தூளாகவும் எண்ணெயாகவும் அரைபடுகிறது. நாலைந்து கிலோ மீன் அரைத்தால் ஒரு கிலோ தூள்; அது இறாலுக்கும் கோழிக்கும் தீவனம். மனிதர் நேராகத் தின்னக்கூடிய மத்தியை இன்னொரு படி ஏற்றி, பெரும்பங்கை வழியிலேயே இழக்கிறோம். இது எனக்குப் பொறுக்க முடியாத வீண்.

ஆனாலும் மத்தியை அள்ளித் தீர்க்கவும் கூடாது. கேரளத்தில் 2012-இல் சுமார் 3.9 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் வெறும் 3,297 டன்னாகச் சரிந்தது. எல் நினோவால் கடல் சூடானதும், குஞ்சுகளை அள்ளியதும் சேர்ந்து செய்த வேலை. இது ஓராண்டுக்குள்ளேயே முட்டையிடத் தொடங்கிவிடும் மீன் என்பதால், கடல் ஒத்துழைத்ததும் அடுத்த ஆண்டே ஒரு லட்சம் டன்னை எட்டியது. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாதென்று கேரளம் 2015-இல் விதித்தது. ஐஸ் பெட்டியில் உள்ளூர்ச் சந்தைக்கு வந்து சேரும் மத்தியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உள்ளங்கை நீளத்தைத் தாண்டாதது அநேகமாக இன்னும் முட்டையிடாத குஞ்சு.