கேஷுவல் இன்டர்வியூவுக்கு என்ன உடுத்துவது?

‘சும்மா ஒரு காபி சாப்பிட்டுக்கிட்டே பேசலாம். ஃபார்மல்ஸ் எல்லாம் வேண்டாம், கேஷுவலா வாங்க.’ சென்னையின் ஓஎம்ஆர் சாலையில் இருக்கும் சிறு மென்பொருள் நிறுவனங்கள் பலவும் இப்போது வாட்ஸ்அப்பில் இப்படித்தான் வேலைக்குக் கூப்பிடுகின்றன. டை கட்டிக்கொண்டு, கையில் ஃபைலுடன் வரிசையில் உட்கார்ந்திருந்த காலத்தைவிட இது எளிது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். கல்லூரி முடித்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஃபார்மல் என்றால் வெளிர்நீலச் சட்டை, கறுப்பு பேன்ட், இல்லாவிட்டால் ஒரு நல்ல சுடிதார் என்று விஷயம் முடிந்துவிடும். கேஷுவல் என்றால்தான் முந்தின இரவு அலமாரியைக் கலைத்துப்போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்தத் தவிப்பில் நியாயம் இருக்கிறது. முறைப்படி நடக்கும் இன்டர்வியூவைவிட, சும்மா பேசுவதுபோல நடக்கும் இன்டர்வியூவில்தான் தோற்றத்தின் செல்வாக்கு அதிகம்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டொடொரோவ் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. முன்பின் தெரியாதவர்களின் முகப்படங்களை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, ‘இவரை நம்பலாமா, இவர் திறமையானவரா’ என்று கேட்டார்கள். கண் சிமிட்டும் நேரத்தில் வந்த பதிலும், நேரக் கட்டுப்பாடு இல்லாமல் பார்த்தவர்களின் பதிலும் பெரிதும் ஒத்துப்போயின. பார்க்கும் நேரத்தைக் கூட்டியபோது தீர்ப்பு அதிகம் மாறவில்லை. ‘நான் நினைத்தது சரிதான்’ என்ற உறுதிதான் கூடியது.

இதே டொடொரோவ், டாங்வான் ஓ, எல்டார் ஷஃபிர் ஆகியோருடன் சேர்ந்து 2019 டிசம்பரில் வெளியிட்ட இன்னோர் ஆய்வு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஒரே முகத்தைச் சற்று வசதியானவர் உடுத்துவதுபோன்ற உடையிலும், சற்று வசதி குறைந்தவர் உடுத்துவதுபோன்ற உடையிலும் காட்டினார்கள். வேறுபாடு சிறியதுதான். கோட்டு சூட்டை நீக்கிவிட்டு, அன்றாட உடைகளை மட்டும் வைத்தும் பார்த்தார்கள். ஆனாலும் வசதியான உடையில் தெரிந்த முகத்துக்கே ‘திறமைசாலி’ என்ற மதிப்பு கூடுதலாகக் கிடைத்தது. உடையைப் பார்க்காதீர்கள் என்று எச்சரித்தார்கள்; படத்தில் இருப்பவரின் தொழிலையும் வருமானத்தையும் சொல்லிப் பார்த்தார்கள்; சரியாகக் கணித்தால் பணம் என்றார்கள். எதுவும் அந்தச் சாய்வைப் போக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்பே பின்தங்கிவிடுகிறது என்பதுதான் இதன் பொருள். படித்ததிலிருந்து என் மனதை விட்டு அகலாத ஆய்வு இது.

இந்தச் சாய்வுக்கு அணை போடுவது கேள்வித்தாள்தான். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் என்று இன்டர்வியூ நடந்தால், பதில்களைத்தான் கவனித்தாக வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் பேச்சு போகிற போக்கில் போனால், முதல் பார்வையில் விழுந்த எண்ணமே கடைசிவரை நிற்கும். மரே பாரிக்கும் அவருடைய சகாக்களும் பல ஆய்வுகளைத் திரட்டி 2009இல் வெளியிட்ட பகுப்பாய்வு இதைக் காட்டியது. தோற்றம் இன்டர்வியூ மதிப்பெண்ணை வலுவாகப் பாதிக்கிறது, அதுவும் கட்டமைப்பு இல்லாத இன்டர்வியூக்களில் கூடுதலாக. வேலையில் சேர்ந்தபின் அந்த நபர் எப்படி வேலை செய்கிறார் என்பதோடு தோற்றத்துக்கு உள்ள தொடர்போ மிகவும் பலவீனமானது.

ஒரு படி மேலே

அப்படியானால் எதைத்தான் உடுத்துவது? அந்த நிறுவனத்தில் உங்கள் வயதுக்காரர்கள் அன்றாடம் உடுத்துவதைவிட ஒரே ஒரு படி மேலே என்பது என் முடிவு. நிறுவனத்தின் இணையதளத்திலும் லிங்க்டுஇன் பக்கத்திலும் அலுவலகப் படங்கள் கிடைக்கும். அங்கே டீ-ஷர்ட்டும் ஜீன்ஸும் என்றால், நீங்கள் காலர் வைத்த சட்டையும் சாயம் போகாத அடர்நிற பேன்ட்டும் போடுங்கள். பெண்களுக்கு எளிய குர்தி போதும். காட்டன் புடவை கட்டிப் பழகியவர்கள் அதையே கட்டலாம். விலை முக்கியமில்லை. உடம்புக்குப் பொருந்திய அளவு, இஸ்திரி, துடைத்த செருப்பு அல்லது ஷூ, இவை மூன்றும் முக்கியம்.

நிறுவனத் தலைவர் என்ன போடுகிறார் என்று பார்க்காதீர்கள். 2012இல் ஃபேஸ்புக் பங்குகளை விற்க முதலீட்டாளர்களைச் சந்தித்த மார்க் ஸக்கர்பெர்க், தொப்பி வைத்த ஹூடியில்தான் போனார். சில்வியா பெல்லெஸ்ஸாவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, வழக்கத்தை மீறி உடுத்துபவருக்குச் சில நேரம் மதிப்பு கூடுவதை உறுதிசெய்தது. ஆனால், அவர் தெரிந்தேதான் மீறுகிறார் என்று பார்ப்பவர் நம்பினால்தான் அது பலிக்கும். முதல் வேலைக்கு வருபவரை அப்படி யாரும் நம்ப மாட்டார்கள்.

கேஷுவல் என்பதே விதி இல்லாத உடை அல்ல என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. ஹவாய்த் தீவுகளில் 1960களில் வெள்ளிக்கிழமைதோறும் பூப்போட்ட அலோஹா சட்டை அணியும் வழக்கத்தை உள்ளூர் ஆடைத் தயாரிப்பாளர்கள் பரப்பினார்கள். அமெரிக்க அலுவலகங்களில் அது வேறு வடிவில் பரவியபோது எதைப் போடுவது என்ற குழப்பம் வந்தது. 1992இல் லீவைஸ் நிறுவனம் ‘கேஷுவல் என்றால் இதுதான்’ என்று படம் போட்ட கையேடு ஒன்றை ஆயிரக்கணக்கான மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பியது. அந்த நிறுவனத்தின் டாக்கர்ஸ் பேன்ட்டுகளும் அந்தப் படங்களில் இருந்தன.

வியர்வையின் அறிவியல்

சென்னையில் மே மாதம் பேருந்தில் நின்றுகொண்டு போகிறவருக்கு, ஸ்டைலைவிடத் துணி முக்கியம். பயத்தில் வரும் வியர்வை உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள் ஆகிய இடங்களில் அதிகம்; ஏசி அறையிலும் அது வரும். ஈரம் பட்ட துணி ஏன் கறுக்கிறது? காய்ந்த துணியில் நூல்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஒளி அங்கே சிதறி நம் கண்ணுக்குத் திரும்புகிறது. காற்றின் இடத்தில் தண்ணீர் புகுந்தால் சிதறல் குறைந்து, ஒளி துணிக்குள்ளேயே ஆழமாகப் போய் உறிஞ்சப்படுகிறது. சாம்பல், வெளிர்நீலம் போன்ற நடுத்தர நிறங்களில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். கருநீலம் முன்பே கருமையானது. வெள்ளை ஒளியை உறிஞ்சுவதே குறைவு. எனவே இந்த இரண்டும் பாதுகாப்பானவை. வெள்ளைச் சட்டை ஈரத்தில் உள்ளே இருப்பதைக் காட்டிவிடும், பனியன் அவசியம்.

பாலியெஸ்டர் சட்டை கசங்காது, ஆனால் ஈரத்தை உறிஞ்சாது. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைத் தாங்கும். பாலியெஸ்டர் ஒரு சதவீதம்கூடத் தாங்காது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் கல்லவெர்ட் குழுவினர் 26 பேரை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கவைத்து, அவர்களின் டீ-ஷர்ட்டுகளை 28 மணி நேரம் மூடிவைத்து முகர்ந்து பார்க்கச் செய்தார்கள். 2014இல் வெளியான முடிவு: பாலியெஸ்டரில் நாற்றம் அதிகம். நாற்றத்தை உண்டாக்கும் மைக்ரோகாக்கஸ் பாக்டீரியா பாலியெஸ்டர் இழைகளில் செழித்து வளர்ந்திருந்தது. ஆகவே பருத்தியோ, பருத்தி அதிகம் கலந்த துணியோதான் நல்லது. கால் மணி நேரம் முன்னதாகப் போய் ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள்.

இவ்வளவும் செய்தபின் சட்டையில் ஒரு சொட்டு காபி விழுந்துவிட்டால்? கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச் குழு, 2000இல் வெளியான ஆய்வில், மாணவர்களைக் கூச்சம் தரும் படம் போட்ட டீ-ஷர்ட்டுடன் ஓர் அறைக்குள் அனுப்பியது. அறையில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர்தான். கறையை மறந்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

என்ன உடுத்துவது என்று தெரியாவிட்டால், கூப்பிட்டவரிடமே ‘உங்க ஆபீஸ்ல எல்லாரும் என்ன மாதிரி டிரஸ் பண்ணுவாங்க?’ என்று கேட்டுவிடுங்கள். வேலை தருகிற இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கேள்விக்கான பதிலை நீங்களே முதல் தகவலில் ஒரு வரியாக எழுதி அனுப்புங்கள். காபியோடு பேசினாலும், எல்லோரிடமும் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தவுடனேயே மதிப்பெண்ணைக் குறித்துவிடுங்கள். புதுச் சட்டை வாங்க முடியாத பிள்ளைக்கும் அப்போது சமமான வாய்ப்பு கிடைக்கும்.