சரியாகிவிடும் என்று காத்திருக்கலாமா?

பக்கவாதம் என்றதும் அறுபது வயதும் ரத்தக்கொதிப்பும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் வாழ்நாளிலேயே மூளை ரத்தக்குழாய் அடைப்புக்கு மிகுந்த ஆபத்துள்ள வாரம் எது என்று குழந்தை நரம்பியல் மருத்துவர்களைக் கேட்டால், பிறந்த முதல் வாரம் என்பார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எடுத்து 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, கருவின் 20ஆம் வாரத்துக்கும் பிறந்த 28ஆம் நாளுக்கும் இடையில் சுமார் 1,100 குழந்தைகளில் ஒன்றுக்குப் பக்கவாதம் வருகிறது. பெரும்பாலானவை ரத்தக்குழாய் அடைப்பு, மற்றவை ரத்தக்கசிவு. செய்தியைக் கேட்டு உறைந்து நிற்கும் பெற்றோருக்கு உறவினர்களும், சில சமயம் மருத்துவர்களும் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: “பச்சை மூளைதானே, தானாகச் சரிசெய்துகொள்ளும்.” இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பிக் காத்திருப்பதால் குழந்தைக்கு நஷ்டம்.

உண்மையான பாதி, மொழி. பெரியவர்களுக்கு மூளையின் இடப்பக்கம் பெரிதாக அடிபட்டால் பேச்சு போய்விடும். அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் எலிசா நியூபோர்ட் குழுவினர், பிறப்பையொட்டி இடப்பக்கத்தில் பெரிய பக்கவாதம் கண்ட 15 பேரை அவர்கள் வளர்ந்தபின் ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். மொழிவேலை முழுவதும் வலப்பக்கத்துக்கு, அதுவும் இடப்பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய அதே இடங்களின் நேரெதிர்ப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்திருந்தது. ஆனால் கையின் கதை வேறு. இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜேனட் ஐர் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. பிறந்தபோது மூளையின் ஒவ்வொரு பாதியும் இரண்டு கைகளுக்குமே நரம்பிழைகளை அனுப்பியிருக்கும். முதல் இரண்டு ஆண்டுகளில் நடக்கும் போட்டியில், அதே பக்கத்துக் கைக்குப் போனவை பெரும்பாலும் பின்வாங்கிவிடும். ஒரு பாதி அடிபட்டிருந்தால், நல்ல பாதி பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல இரு பக்கத்து இருக்கைகளையும் பிடித்துக்கொள்கிறது. அடிபட்ட பாதியில் தொடக்கத்தில் பிழைத்திருந்த இழைகள்கூட, வேலை இல்லாததால் மாதங்கள் செல்லச் செல்ல இடமிழக்கின்றன. அதாவது, கையின் இழப்பு பக்கவாதம் வந்த அன்றே முடிந்துவிடுவதில்லை. அதன் ஒரு பகுதி பின்னால், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது.

பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதுகூட மிகை. பல நேரம் தெரிவதே இல்லை. பச்சிளம் குழந்தைக்கு வாய் கோணாது, கை தொங்காது. முதல் மூன்று நாட்களுக்குள் ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் விட்டுவிட்டு வெட்டியிழுக்கும் வலிப்பு வரலாம். மூச்சு சற்றே நின்று வரலாம். தலை அல்ட்ராசவுண்ட் இதைத் தவறவிடக்கூடும். எம்ஆர்ஐ ஸ்கேன்தான் உறுதியாகக் காட்டும். இன்னொரு கூட்டத்துக்கு அந்த வலிப்பும் இல்லை. நல்லபடியாக வீடு வந்த குழந்தை, நாலைந்து மாதத்தில் எதையும் ஒரே கையால் எடுக்கும். மறு கை மூடிய முஷ்டியாகவே கிடக்கும். “இடக்கைப் பழக்கம், தாத்தா மாதிரி” என்று வீட்டில் ரசிப்பார்கள். ஆனால் ஒரு வயதுக்கு முன் எந்தக் கைப்பழக்கமும் இயல்பல்ல. ஒரு பக்கம் மட்டும் தளரும் பெருமூளை வாதத்துக்கு முதன்மையான காரணமே இந்தப் பிறப்புக்காலப் பக்கவாதம்தான்.

நாட்கள் வீணாவதற்கு இன்னொரு காரணம், யார் மேல் பழி என்ற விசாரணை. ஆயுதம் போட்டு எடுத்ததாலா, தாய் எதையாவது சாப்பிட்டதாலா என்று வீடு இரண்டுபடும். நஞ்சுக்கொடியில் உருவாகும் ரத்தக்கட்டி, பிறக்கும்வரை திறந்தே இருக்கும் இதய மேலறை இடைவழியாக நேரே மூளைக்குப் போவதே பல அடைப்புகளுக்குக் காரணம் என்று கருதப்படுகிறது. பிறவி இதயக் கோளாறும் மூளைக்காய்ச்சலும் சிலருக்குக் காரணம். முதல் பிரசவம், கர்ப்பகால ரத்தக்கொதிப்பு, பனிக்குடத் தொற்று ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். தனித்தனியே எதுவும் போதுமான காரணமல்ல. மனப்பகுப்பாய்வுக்குப் பெயர் பெறுமுன் நரம்பியல் மருத்துவராக இருந்த சிக்மண்ட் ஃபிராய்டு, கடினமான பிரசவமே சில சமயம் கருவில் முன்பே இருந்த கோளாறின் அறிகுறியாக இருக்கலாம் என்று 1897இலேயே எழுதினார். பழி சொல்வோர் அதைப் படிக்கலாம். தாய் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள இங்கே ஒன்றும் இல்லை. அடுத்த குழந்தைக்கும் இது வருவது மிக அரிது.

சீக்கிரம் கண்டுபிடித்து என்ன பயன், மருந்துதான் இல்லையே என்ற கேள்வி நியாயமானது. பெரியவர்களுக்குப் போடும் கட்டி கரைக்கும் ஊசி பச்சிளம் குழந்தைக்குப் போடுவதில்லை. இதயத்திலிருந்து கட்டி வந்திருந்தாலொழிய ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் பொதுவாகத் தருவதில்லை. வலிப்பை அடக்கி, சர்க்கரையையும் உடல் வெப்பத்தையும் சீராக வைப்பதே முதல் நாட்களின் சிகிச்சை. ஆனால் பயிற்சிக்கு மருந்தின் வேலை உண்டு. சுவீடனில் ஆன்-கிறிஸ்டின் எலியாசன் குழு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நல்ல கைக்கு மென்மையான உறை மாட்டி, தளர்ந்த கையை நாளுக்கு அரை மணி நேரம் விளையாட வைத்தது. மசாஜ் பெற்ற குழந்தைகளைவிட இவர்களின் கை முன்னேறியது. சிறிய ஆய்வுதான், இதைக் கொண்டு குணமாகிவிடும் என்று யாரும் வாக்குத் தர முடியாது. நல்ல கையைக் கட்டினால் அது கெடாதா என்பவர்களுக்கு, அரை மணி நேரம் என்பதே பதில். கை முஷ்டியாக இருக்கும் எல்லாக் குழந்தைகளையும் பீதியோடு பார்க்கச் சொல்கிறீர்களா என்பவர்களுக்கு: பிறந்த சில வாரங்களுக்கு இரண்டு கையும் மூடியிருப்பது இயல்பு, ஒரு கை மட்டும் தொடர்ந்து ஒதுங்கியிருப்பதுதான் சங்கதி.

நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் 14ஆம் வாரத்துக்குப் பிறகு அடுத்த ஊசி 9ஆம் மாதம்தான். அந்தக் கை தன்னைக் காட்டிக்கொடுக்கும் நாலாம், ஐந்தாம், ஆறாம் மாதங்கள் சரியாக அந்த இடைவெளியில் விழுகின்றன. அப்போது ஒரு கிலுகிலுப்பையை இரண்டு பக்கமும் மாறிமாறி நீட்டிப் பாருங்கள். ஒரே கைதான் வருகிறதென்றால் 9ஆம் மாதம்வரை பொறுக்காமல் குழந்தை மருத்துவரிடமோ, மாவட்டத்து ஆரம்பநிலை இடையீட்டு மையத்திடமோ காட்டுங்கள்.