பாங்காக்கில் மூன்று நாள்: ஆடாத ஊஞ்சலும் திருவெம்பாவையும்

மார்கழி பிறந்தா போதும், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுத்த ஆரம்பிச்சிடும். தாய்லாந்து மன்னர் முடிசூட்டிக்கொள்ளும்போது திருவெம்பாவை பாடுறாங்க, தமிழன் உலகையே ஆண்டான், படிச்சதும் பத்து பேருக்கு அனுப்புங்க. இதைப் பார்த்ததும் பாதிப் பேர் பெருமையா அனுப்பிடுறாங்க. மீதிப் பேர் "இதுவும் வழக்கமான கதைதான்" என்று தள்ளிடுறாங்க. விஷயம் என்னன்னா, ரெண்டு பக்கமுமே கொஞ்சம் அவசரப்படுது. அந்தச் செய்திக்குள் ஓர் உண்மை இருக்கு. அது பெருமையடிக்கிறதைவிட யோசிக்க வைக்கிற உண்மை.

இந்த பிப்ரவரியில் அம்மாவைக் கூட்டிக்கிட்டு மூணு நாள் பாங்காக் போயிருந்தேன். அம்மாவுக்குத் திருவெம்பாவை இருபது பாட்டும் மனப்பாடம். பார்த்த இடங்களையும், இது பற்றி முன்னே படிச்சு வச்சிருந்ததையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

முதல் நாள்: அரண்மனைப் பக்கம்

எல்லாரும் போற வழிதான். காலையில் அரண்மனையும் மரகத புத்தர் கோயிலும், மத்தியானம் வாட் போ, சாயங்காலம் படகில் ஆற்றைக் கடந்து வாட் அருண்.

மரகத புத்தர் உண்மையில் மரகதம் இல்லை, ஒரு பச்சைக் கல். உயரம் வெறும் 66 செ.மீ. வருஷத்துக்கு மூணு தடவை, பருவத்துக்கு ஏத்த மாதிரி உடை மாத்துவாங்க. மாத்துறது மன்னர் கையால. கோயிலைச் சுத்தி இருக்கிற பிராகாரச் சுவரில் 178 ஓவியங்களா முழு ராமாயணமும் இருக்கு. இங்கே அதுக்குப் பேரு ராமகியன். அம்மா ஒவ்வொரு சுவரிலும் அனுமனைத் தேடிக்கிட்டே வந்தாங்க. வெள்ளைக் குரங்கா இருப்பதால் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. வாட் போவில் படுத்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம். காலடியில் முத்துச்சிப்பி பதிச்ச 108 மங்கலச் சின்னங்கள்.

இதையெல்லாம் பார்க்கும்போது ஒண்ணை மனசில் பிரிச்சு வச்சுக்கணும். தாய்லாந்தில் கண்ணில் படும் இந்தியத் தடங்களில் பெரும்பகுதி சமஸ்கிருதமும் பாலியும் வழியா வந்தது, அதிலும் நிறைய கெமர் நாட்டைத் தொட்டு வந்தது. தாய் மொழியில் நகரத்தின் பேரு குருங் தேப், தேவர்களின் நகரம். அதன் முழுப் பெயர் உலகிலேயே நீளமான ஊர்ப்பெயர்களில் ஒண்ணு, அதில் அயோத்தி, இந்திரன், விசுவகர்மா எல்லாரும் வர்றாங்க. சிவனை ஈசுவன் என்கிறாங்க, திருமாலை நாராய். இதில் எதையும் "தமிழ்" என்று சொல்லிட முடியாது. தமிழ் வந்தது வேறொரு சின்ன வழியில். அது ரெண்டாம் நாள் கதை.

இரண்டாம் நாள்: ஊஞ்சல்

சாம் யோட் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி கொஞ்ச தூரம் நடந்தா, நடுரோட்டில் ரெண்டு சிவப்புத் தேக்குத் தூண்கள் இருபது மீட்டருக்கு மேல் நிக்குது. மேலே வேலைப்பாடு செஞ்ச குறுக்குச் சட்டம். பார்க்க ஒரு பிரம்மாண்டமான வாசல் நிலை மாதிரி. இதுதான் ராட்சத ஊஞ்சல், சாவோ சிங் சா. பலகையும் கிடையாது, கயிறும் கிடையாது.

1767இல் பர்மியப் படை அயுத்தயாவை அழிச்ச பிறகு, 1782இல் முதலாம் ராமா பாங்காக்கைத் தலைநகராக்கினார். பழைய தலைநகரில் நடந்த அரச சடங்குகளை ஒவ்வொண்ணா மறுபடி நிறுவினார். அந்த வரிசையில் 1784இல் அரண்மனை பிராமணர்களுக்கு ஒரு கோயிலும், அதுக்கு முன்னால் இந்த ஊஞ்சலும் வந்தது. 1920இல் எரிவாயு ஆலைக்காக ஊஞ்சலை இப்போ இருக்கும் இடத்துக்கு நகர்த்தினாங்க.

ஆடுறவங்க நாகப் படம் மாதிரி நீண்ட தொப்பி போட்டிருப்பாங்க. எதிரே ஒரு மூங்கில் கம்பத்தில் காசுப் பை தொங்கும். ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது ஒருத்தர் அதைப் பல்லால் கவ்வணும். ஓர் உயர் அதிகாரி சிவனுக்குப் பதிலா உட்கார்ந்து, ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி இதைப் பார்ப்பார். கீழே விழுந்து செத்தவங்களும் உண்டு. 1932இல் முழு முடியாட்சி முடிஞ்சது, 1935இல் ஊஞ்சலாட்டம் நின்னுபோச்சு.

ஊஞ்சல்தான் நின்னது, சடங்கு நிக்கலை. பக்கத்திலேயே தேவஸ்தான் என்கிற அந்த பிராமணர் கோயில் இருக்கு. சிவன், பிள்ளையார், விஷ்ணு, மூணு பேருக்கும் தனித்தனிக் கட்டடம். வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, சத்தமே இல்லை. ஜனவரி வாக்கில் பதினைந்து நாள் சடங்கு இங்கேதான் நடக்குது. அதன் பேரு ட்ரியம்பவாய் - ட்ரிபவாய்.

பெயர் ஒலி ஒத்துப்போறது மட்டும் போதாதே. ஒலியை மட்டும் வச்சு எதையும் எதோடும் இணைக்கலாம், இணையம் பூரா அதுதான் நடக்குது. இங்கே கூடவே மூணு விஷயம் சேருது.

ஒண்ணு, தெய்வம். தாய் மரபுப்படி சிவன் வருஷத்துக்கு ஒருமுறை பூமிக்கு வந்து பத்து நாள் தங்குகிறார். அந்தப் பகுதிதான் ட்ரியம்பவாய். அவர் கிளம்பும் நாளில் திருமால் வந்து ஐந்து நாள் தங்குகிறார். அது ட்ரிபவாய். மாணிக்கவாசகரின் திருவெம்பாவை சிவனுக்கு, ஆண்டாளின் திருப்பாவை திருமாலுக்கு. பெயரும் தெய்வமும் தடுமாறாம ஜோடி சேருது.

ரெண்டு, காலம். நம்மூரில் ரெண்டுமே மார்கழிக்கு உரியவை. திருவாதிரையை ஒட்டிப் பத்து நாள் திருவெம்பாவை பாடுவது சிவன் கோயில் வழக்கம். பாங்காக் சடங்கும் அதே குளிர்காலத்தை ஒட்டித்தான் வருது, அதே பத்து நாள் கணக்கோட.

மூணு, சுவடி. அரண்மனை பிராமணர்களிடம் கிரந்த எழுத்திலிருந்து கிளைத்த ஒரு எழுத்தில் சுவடிகள் இருக்கு. தனிநாயகம் அடிகள், ஜான் மார், ஃபிலியோசா போன்ற அறிஞர்கள் இந்த மந்திரங்களை ஆராய்ஞ்சு, சமஸ்கிருதத்தோட தமிழ்ப் பதிகங்களும் அதில் கலந்திருப்பதைக் காட்டினாங்க. பல தலைமுறை தாய் நாக்கில் உருண்டு வந்ததால் சும்மா காதில் கேட்டா நமக்குப் பிடிபடாது.

என் பங்குக்கு ஒரு சின்ன கவனிப்பு. தாய் உச்சரிப்பில் கடைசி அசை நீளம்: பவாய். நூலின் பேரு "பாவை", ஆனா ஒவ்வொரு பாட்டும் முடிவது "பாவாய்" என்ற விளியில். தாய்ப் பெயரின் நெடில் எனக்கு அந்த விளியைத்தான் நினைவூட்டுது. தலைப்பைப் படிச்சவர் காதை விட, திரும்பத் திரும்பப் பாடக் கேட்டவர் காதில் நின்ன சொல் மாதிரி படுது.

ஒரு தாவலை மட்டும் தவிர்க்கணும். திருவாசகத்தில் திருப்பொன்னூசல் இருக்கே, அப்போ ஊஞ்சலும் நம்மகிட்டேருந்து போனதுதானே என்று தோணும். தெய்வத்துக்கு ஊஞ்சல் விழா இந்தியாவில் பல பகுதிகளில் உண்டு. அதனால் ஊஞ்சலை இந்தச் சான்றோட சேர்க்க வேண்டாம்.

முடிசூட்டு விழாவுக்கும் இதே நிதானம் வேணும். 2019 மே மாதம் இப்போதைய மன்னர் முடிசூட்டிக்கிட்டப்போ இந்த பிராமணர்கள் பங்கெடுத்தது உண்மை. ஆனா திருவெம்பாவையின் பேரைத் தாங்கி நிற்பது முடிசூட்டு விழா இல்லை, வருஷா வருஷம் அமைதியா நடக்கும் இந்தப் பதினைந்து நாள் சடங்கு. தமிழன் ஆண்டதால் வந்ததும் இல்லை. மலாய் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், தகுவா பாவில் கிடைச்ச 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் காவலில் விடப்பட்ட ஒரு குளத்தைப் பற்றிப் பேசுது. கப்பலில் போன வணிகர்கள், கூடவே போன பூசகர்கள், அப்புறம் அங்கேயே வேரூன்றின குடும்பங்கள் என்றுதான் இதைப் புரிஞ்சுக்க முடியும்.

மூன்றாம் நாள்: மியூசியமும் மாரியம்மனும்

2006இல் ஊஞ்சலுக்குப் புதுத் தேக்கு மரங்கள் வச்சாங்க. வெயிலிலும் மழையிலும் இத்துப்போன பழைய மரங்கள் இப்போ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கு. திங்கள், செவ்வாய் விடுமுறை, பார்த்துப் போங்க.

சாயங்காலம் சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில். 1879 வாக்கில் தமிழ்க் குடியேறிகள் கட்டினது. தாய் மக்கள் வாட் கேக் என்கிறாங்க. கேக் என்றா விருந்தாளி, வெளியூர்க்காரர். பூ, தேங்காய், பழத்தோட வரிசையில் நின்னவங்களில் பெரும்பாலும் தாய்க்காரங்கதான். பேரு எழுதாமலே இது தமிழ்க் கோயில் என்று கோபுரம் சொல்லிடும். சீலோமில் தமிழ் ஆட்களோட வந்தது, அதனால் அடையாளம் தெரியுது. தேவஸ்தானில் ஆட்கள் தாய்க்காரங்களா மாறின பிறகும் ஒலி மட்டும் தங்கிடுச்சு, அதனால் தேடினாத்தான் தெரியுது.

எப்படித் தங்கிச்சு? சடங்குக்கு அர்த்தத்தைவிட ஒலி முக்கியம். ஒரு சொல் மாறினா பலன் போயிடும் என்ற பயம் அதைக் காப்பாத்தும். அர்த்தம் தெரிஞ்சிருந்தா யாராவது மொழிபெயர்த்திருப்பாங்க, மூலம் காணாம போயிருக்கும். ஹோட்டலில் இதை அம்மாகிட்ட சொன்னேன். "நான் மட்டும் என்ன, ஏலோருக்கு அர்த்தம் தெரிஞ்சா பாடுறேன்?" என்றாங்க. உண்மைதான். உரைகாரர்களே அதை அசைச்சொல் என்று விட்டுட்டாங்க.

போறவங்களுக்கு ரெண்டு குறிப்பு. அரண்மனை வாசலில் யாராவது "இன்னிக்கு மூடியிருக்கு, நான் வேற இடம் காட்டுறேன்" என்றா நம்பாதீங்க, டிக்கெட் கவுண்டர் வரைக்கும் நடந்து பாருங்க. தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். ஊஞ்சலுக்கு எதிரே வாட் சுதாட்டில் சுகோதாயிலிருந்து கொண்டுவந்த பெரிய புத்தர் இருக்கார், அதையும் சேர்த்து ஒரு காலைப்பொழுது ஒதுக்கினா போதும். தேவஸ்தானில் கூட்டம் இருக்காது. செருப்பைக் கழட்டிட்டு அமைதியா உட்கார்ந்துட்டு வாங்க.