விழுந்த குதிரை தந்த விறுவிறுப்பான நாவல்

1956-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரை அடுத்த எய்ன்ட்ரீ மைதானத்தில் 'கிராண்ட் நேஷனல்' குதிரைப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. நான்கு மைலுக்கு மேற்பட்ட தூரம். 30 இடங்களில் தடை தாண்ட வேண்டும். உலகிலேயே கடுமையான பந்தயங்களுள் ஒன்று.

கடைசித் தடையையும் தாண்டி, எல்லாக் குதிரைகளையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு வந்துகொண்டிருந்தது 'டெவன் லாக்'. அது ராஜமாதா எலிசபெத்தின் குதிரை. ஓட்டி வந்தவர் டிக் பிரான்சிஸ். வெற்றிக் கம்பத்துக்கு ஏறத்தாழ 50 கஜ தூரமே பாக்கி. மக்களின் ஆரவாரம் வானைப் பிளந்தது.

திடீரென்று குதிரை முன்னங்காலைத் தூக்கியது, பின்னங்கால்கள் சறுக்கின, வயிறு தரையில் பட அப்படியே சரிந்தது! முன்னால் தடையும் இல்லை, பள்ளமும் இல்லை. பின்னால் வந்த 'ஈ.எஸ்.பி.' என்ற குதிரை அதைக் கடந்து சென்று வெற்றி பெற்றது. சற்று நேரத்தில் டெவன் லாக் ஒன்றுமே நடவாததுபோல எழுந்து நின்றது.

ஏன் விழுந்தது?

இந்தக் கேள்விக்குப் பலரும் பல விடை சொன்னார்கள். பக்கத்தில் இருந்த நீர்த்தடையைக் கண்டு தாண்ட முயன்றது என்றார்கள் சிலர். தசைப் பிடிப்பு என்றார்கள் வேறு சிலர். அரச குடும்பத்துக் குதிரை வெல்லப்போகிறது என்ற மகிழ்ச்சியில் கூட்டம் எழுப்பிய பேரொலிதான் அதை மிரள வைத்தது என்று பிரான்சிஸ் கருதினார். உறுதியான விடை இன்றுவரை கிடைக்கவில்லை.

பிரான்சிஸ் சாதாரண ஜாக்கி அல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றியவர். 1953-54 பருவத்தில் தடை தாண்டும் பந்தயங்களில் சாம்பியன் ஜாக்கி. ஆயினும் கிராண்ட் நேஷனல் வெற்றி அவருக்குக் கிட்டவே இல்லை. மறு ஆண்டே, 1957-ல், சவாரித் தொழிலை விட்டார். அதே ஆண்டில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 'சண்டே எக்ஸ்பிரஸ்' பத்திரிகைக்குப் பந்தய நிருபரும் ஆனார். பத்திரிகை வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. நாவல் எழுதிப் பார்க்கத் துணிந்தார்.

மூடுபனியில் ஒரு கொலை

அப்படிப் பிறந்ததுதான் 1962-ல் வெளிவந்த 'டெட் செர்ட்'. நிச்சயம் ஜெயிக்கும் குதிரையைப் பந்தயக்காரர்கள் இப்படித்தான் சொல்வார்கள். முதல் சொல்லுக்கு 'மரணம்' என்றும் பொருள் உண்டு அல்லவா? தலைப்பிலேயே கதை இருக்கிறது.

மூடுபனி படர்ந்த ஒரு நாள். பில் டேவிட்சன் என்பவர் 'அட்மிரல்' என்ற குதிரையில் முதலாவதாகப் போகிறார். அது ஜெயிக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஒரு தடையைத் தாண்டும்போது அட்மிரல் குப்புற விழுகிறது, பில் உயிரிழக்கிறார். எல்லோரும் விபத்து என்கிறார்கள். இரண்டாவதாக வந்த அவருடைய நண்பர் ஆலன் யார்க்கின் மனம் மட்டும் ஒப்பவில்லை. அந்த இடத்துக்குத் திரும்பிச் சென்று தேடுகிறார். அங்கே ஒரு கம்பிச் சுருள்! குதிரையை வீழ்த்த யாரோ தடைக்கு மேலே கம்பி கட்டியிருக்கிறார்கள்.

பில் விட்டுச் சென்றது இளம் மனைவியையும் சிறு குழந்தைகளையும். அவர்கள் வீட்டிலேயே தங்கியிருக்கும் யார்க் சும்மா இருப்பாரா? துப்புத் துலக்கப் புறப்படுகிறார். அடி, உதை, மிரட்டல் எல்லாம் வருகின்றன. பணம் வாங்கிக்கொண்டு குதிரையை இழுத்துப் பிடிக்கும் ஒரு ஜாக்கி, கடைக்காரர்களை மிரட்டிப் பணம் பறிக்கும் டாக்சிக் கூட்டம் என்று வலை விரிந்துகொண்டே போகிறது. முடிவில், துரத்தி வரும் டாக்சிகளிடமிருந்து தப்ப, நண்பனைப் பலிகொண்ட அதே அட்மிரல் மீதேறி வயலும் வேலியும் தாண்டிப் பறக்கிறார் யார்க். சூத்திரதாரி யார் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதே சுவை.

அனுபவம் பேசுகிறது

மர்மம் மட்டுமே இந்த நாவலின் பலம் என்று சொல்லிவிட முடியாது. குதிரை ஜெயித்தால் குதிரைக்குப் புகழ். தோற்றால் ஜாக்கி மேல் சந்தேகம். பணம் கட்டித் தோற்றவன் முதலில் ஏசுவது அவனைத்தான். அந்த ஜாக்கி என்ன பாடுபடுகிறான், எப்படிப் பட்டினி கிடந்து எடையைக் குறைக்கிறான், உடைந்த எலும்பு கூடுமுன் ஏன் மறுபடி சவாரிக்கு வருகிறான் என்பதெல்லாம் பிரான்சிசுக்கு உடம்பால் தெரியும். பலமுறை தோள் எலும்பு முறிந்தவர் அவர். நேர்மையானவர்கள் நிறைந்த தொழிலை ஒரு சிலர் காசுக்காக எப்படிக் கெடுக்கிறார்கள் என்ற கோபம் கதையின் அடியில் ஓடுகிறது. இங்கிலாந்தில் தெருவோரப் பந்தயக் கடைகள் 1961-ல்தான் சட்டப்படி திறக்கப்பட்டன என்பதையும் நினைத்துப் பார்த்தால், நாவல் வந்த காலம் எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும்.

பிறகு நாற்பதுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் வந்தன. மனைவி மேரி தகவல் திரட்டித் துணை நின்றார். அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கத்தின் 'எட்கர்' விருது சிறந்த நாவலுக்காக மூன்று முறை கிடைத்தது. 'டெட் செர்ட்' 1974-ல் திரைப்படமாகவும் வந்தது.

2010-ம் ஆண்டு பிப்ரவரியில் தமது 89-வது வயதில் பிரான்சிஸ் காலமானார். எத்தனை புத்தகம் எழுதினாலும் மக்கள் அவரிடம் கேட்டது அந்த டெவன் லாக்கைப் பற்றித்தான். கதையில் அட்மிரல் ஏன் விழுந்தது என்பதற்கு ஒரு கம்பிச் சுருள் விடை சொல்லிவிட்டது. எய்ன்ட்ரீ புல்தரையில் அப்படி எதுவும் அவர் கைக்குக் கிடைக்கவில்லை.